இமை தொங்கினால் தாமதிக்கக் கூடாது!
பாம்பு விஷம் மூச்சை நிறுத்துவது எப்படி? தசைக்குள் இருக்கும் நுண்ணிய வாசல்களின் கதை

மைசூர்:

மழைக்காலத்தில் விடியற்காலை வேளையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்படும் நோயாளிகளில் ஒரு ரகம் உண்டு. இரவு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தவராக இருப்பார். மூன்று, நான்கு மணிக்கு வயிற்று வலி என்று எழுந்திருப்பார். வீட்டார் ஓமத் தண்ணீரோ சோடாவோ கொடுப்பார்கள். சற்று நேரத்தில் இரண்டு கண் இமைகளும் தாமாகத் தொங்கும். எதிரே நிற்பவர் இரண்டு பேராகத் தெரிவார். எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும். "ராத்திரி ஊற்றிக்கொண்டானா?" என்று கேட்பவர்களும் உண்டு. உடம்பில் காயம் இருக்காது, வீக்கமும் இருக்காது. அப்படியே விட்டால் மார்புத் தசைகள் ஓய்ந்து, மூச்சு நின்றுவிடும்.

இது கட்டுவிரியன் கடியின் அடையாளம். இந்தப் பாம்பு இரவில்தான் நடமாடும். எலி, பல்லி, மற்றப் பாம்புகளைத் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவர் புரண்டு படுத்தால் கடித்துவிடும். அதன் பல் மிகச் சிறியது. கொசு கடித்த மாதிரிகூடத் தெரியாமல் தூக்கம் தொடரலாம். கட்டட வேலைக்கு வந்து தகர ஷெட்டில் தங்குபவர்கள், செங்கல் சூளையில் இருப்பவர்கள், கரும்பு வெட்டப் போய் வயலோரம் குடிசை போட்டிருப்பவர்கள் என்று நம்மவர்களில் தரையில் படுப்பவர்களே அதிகம். இதை இந்தப் பக்கத்தில் விரிவாக எழுதுவதற்குக் காரணமும் அதுவே.

கன்னடத்தில் கட்டுவிரியனைக் 'கட்டு ஹாவு' என்பார்கள். நல்ல பாம்பு 'நாகரஹாவு', கண்ணாடி விரியன் 'கொளகு மண்டல'. அக்கம்பக்கத்தார் பதறிச் சொல்லும்போது எந்தப் பாம்பு என்று விளங்குவதற்கு இந்தப் பெயர்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

விரியன் இனங்களின் விஷம் பெரும்பாலும் ரத்தத்தைக் கெடுக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன் ஆகிய இரண்டின் விஷம் அப்படியல்ல. அது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாக்குகிறது. அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

சுவருக்கு உள்ளே ஒரு உப்பு, வெளியே ஒரு உப்பு

கையை மடக்குகிறோம், இமையைத் திறக்கிறோம், மூச்சை இழுக்கிறோம். எல்லாமே தசை சுருங்குவதால் நடப்பவை. தசை என்பது நூல்கண்டு மாதிரி நீள நீளமான உயிரணுக்களின் கட்டு. ஒவ்வொரு உயிரணுவுக்கும் ஒரு மெல்லிய சுவர் உண்டு. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு.

சுவருக்கு வெளியே இருக்கும் நீரில் சோடியம் அதிகம். நாம் சமைக்கும் உப்பில் இருப்பதும் இந்தச் சோடியமே. உள்ளே பொட்டாசியம் அதிகம். வாழைப்பழத்திலும் இளநீரிலும் இருப்பது இது. இரண்டும் மின்னேற்றம் கொண்ட அணுக்கள். அயனிகள் என்பது பாடப்புத்தகப் பெயர். இந்த ஏற்பாடு தானாக வந்ததல்ல. சுவரில் பதிந்திருக்கும் ஒரு பம்பு இரவும் பகலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. 1957ல் இந்தப் பம்பைக் கண்டுபிடித்த டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1997ல்தான்.

இதன் பலனாகச் சுவரின் இரு பக்கத்துக்கும் இடையே சுமார் 90 மில்லிவோல்ட் மின் அழுத்தம் நிற்கிறது. டார்ச் லைட்டில் போடும் ஒரு செல்லின் அழுத்தத்தில் இது பதினாறில் ஒரு பங்கு. ஆக, ஓய்வாக இருக்கும் தசை சும்மா இருக்கும் தசை அல்ல. சார்ஜ் ஏற்றி வைத்த பாட்டரி அது.

சுவரில் ஆங்காங்கே வாசல்கள் உண்டு. சோடியத்துக்கு ஒன்று, பொட்டாசியத்துக்கு ஒன்று, கால்சியத்துக்கு ஒன்று என்று தனித்தனி வாசல்கள். எல்லாம் புரதத்தால் ஆனவை. இவை எப்போதும் திறந்து கிடந்தால் பாட்டரி இறங்கிவிடும். திறக்காமலே இருந்தால் தசை அசையாது. எந்த வாசல் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதில்தான் உயிரே இருக்கிறது.

டோக்கன் வந்தால்தான் வண்டி

முதல் வாசல் நரம்பு வந்து தசையைத் தொடும் இடத்தில் இருக்கிறது. தொடும் என்று சொன்னாலும் உண்மையில் தொடுவதில்லை. நடுவே மிகச் சிறு இடைவெளி உண்டு. மூளையிலிருந்து வரும் மின் செய்தி நரம்பின் நுனியோடு நின்றுவிடும். அங்கே சின்னச் சின்னப் பைகளில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் தயாராக இருக்கிறது. ஒரு பையில் ஏறத்தாழ பத்தாயிரம் மூலக்கூறுகள். செய்தி வந்ததும் பைகள் வெடித்து, ரசாயனம் இடைவெளியைத் தாண்டித் தசையின் சுவரில் உள்ள வாசலில் போய் உட்காரும்.

பழைய ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் ஸ்டேஷன் மாஸ்டர் டோக்கன் கொடுக்காமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். அந்த டோக்கன் மாதிரிதான் இது. ஐந்து பலகைகளை வட்டமாக நிறுத்திய பீப்பாய் போன்றது வாசல். அதில் இரண்டு இடங்களில் டோக்கன் போட வேண்டும். இரண்டும் விழுந்தால் நடுத்துளை திறக்கும். திறந்திருப்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் சுமார் பத்தாயிரம் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்துவிடும். உடனே அருகில் காத்திருக்கும் ஒரு நொதி அசிட்டைல்கோலினை உடைத்துப் போடும். டோக்கனைத் திரும்ப வாங்காமல் அடுத்த வண்டி இல்லை.

இரண்டாவது ரக வாசலுக்கு டோக்கன் தேவையில்லை. அது மின் அழுத்தத்தைப் பார்த்துத் திறக்கும். முதல் வாசல் வழியாகச் சோடியம் நுழைந்ததும் சுவரின் அழுத்தம் மாறும். அந்த மாற்றத்தை உணர்ந்து பக்கத்தில் இருக்கும் சோடிய வாசல்கள் திறக்கும். அதனால் அதற்கும் அடுத்தவை திறக்கும். இப்படித் தசையின் முழு நீளத்துக்கும் அலை ஓடும். திறந்த வாசல் ஒரு மில்லி விநாடிக்குள் தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும். பின்னாலேயே பொட்டாசிய வாசல்கள் திறந்து பழைய நிலையைக் கொண்டுவரும். இந்த அடைப்பு இல்லாவிட்டால் ஒரு தடவை மடக்கிய விரலை நீட்டவே முடியாது.

மூன்றாவது ரகம்தான் வேடிக்கையானது. தசையணுவுக்குள் கால்சியம் நிறைந்த கிடங்குகள் உண்டு. மின் அலை வந்ததும் மேல் சுவரில் உள்ள ஒரு வாசல் தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது. அது தன்னோடு ஒட்டியிருக்கும் கிடங்கின் கதவைப் பிடித்து இழுத்துத் திறக்கிறது. ரசாயனமும் இல்லை, மின்சாரமும் இல்லை, வெறும் இழுப்புத்தான். சிக்னல் கம்பியை லீவர் இழுப்பதைப் போல. கால்சியம் கொட்டியதும் தசை நூல்கள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிச் சுருங்குகின்றன. பிறகு கால்சியம் திரும்பக் கிடங்குக்கே பம்பு செய்யப்படுகிறது. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் நடக்கிறது. கண் இமைப்பது நடப்பதும் இவற்றால்தான்!

விஷம் எங்கே கை வைக்கிறது?

நல்ல பாம்பின் விஷத்தில் மூன்று விரல் நீட்டிய கை போன்ற உருவமுள்ள சிறு புரதங்கள் உண்டு. அவை டோக்கன் போடும் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. வாசல் திறப்பதில்லை. நரம்பு செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது, அசிட்டைல்கோலின் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் உட்கார இடம் இல்லை. சாவித் துவாரத்தில் குச்சியை ஒடித்து வைத்த கதைதான்.

கட்டுவிரியன் இன்னும் பொல்லாதது. அதனிடம் வாசலை அடைக்கும் விஷமும் உண்டு. அதோடு நரம்பு நுனிக்குள்ளேயே புகுந்து அதை அழிக்கும் விஷமும் உண்டு. இந்த இரண்டாவது விஷம் இரண்டு துண்டுகள் சேர்ந்தது. ஒரு துண்டு நரம்பு நுனியில் உள்ள பொட்டாசிய வாசலைப் பிடித்துத் தொங்குகிறது. மற்றது சுவரின் கொழுப்பை அரித்துவிடுகிறது. பைகள் காலியாகி நுனியே சிதைகிறது. இங்கே பூட்டு கெட்டதோடு நில்லாமல் டோக்கன் கொடுக்கும் ஆபீசே இடிந்துவிட்டது.

முதலில் இமை தொங்குவதை ஆஸ்பத்திரியில் முக்கியமாகக் கவனிக்கிறார்கள். கண்ணையும் முகத்தையும் சேர்ந்த சிறு தசைகளில்தான் பலவீனம் முதலில் தெரியும். பிறகு தொண்டை, கழுத்து, கடைசியில் மூச்சுத் தசைகள். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்றால் ஆபத்து பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்ணாடி விரியன் கடித்தவர்களுக்கும் இமை தொங்குவது உண்டு.

இருதயம் மட்டும் ஏன் நிற்பதில்லை? அது நரம்பின் டோக்கனுக்குக் காத்திருக்கும் தசை அல்ல. தன் துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அசிட்டைல்கோலினை வாங்கும் அதன் புரதமும் வேறு ரகம். எனவே மூச்சு நின்ற பிறகும் சில நிமிடம் இருதயம் ஓடும். அந்தச் சில நிமிடத்தில் யாராவது செயற்கை மூச்சுக் கொடுத்தால் ஆள் பிழைக்கலாம்.

இது புதிய செய்தி அல்ல. கல்கத்தாவில் பணியாற்றிய ஜோசப் பேய்ரர் என்ற ஆங்கில டாக்டரும் அவருடைய சகா லாடர் பிரண்டனும் 1870களிலேயே நல்ல பாம்பு விஷம் மூச்சுத் தசைகளை முடக்கியே கொல்கிறது என்றும், செயற்கை மூச்சால் உயிரை நீட்டிக்கலாம் என்றும் எழுதினார்கள். ஆனால் மூச்சு விட வைக்கும் கருவி அன்று ஏது?

எல்லாம் கேட்கும், அசைய முடியாது

தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவும் 'கியூரேர்' என்ற கொடி விஷமும் அதே வாசலைத்தான் அடைக்கிறது. பிரான்ஸ் நாட்டுக் கிளாடு பெர்னார்டு 1850களில் தவளையை வைத்து இதைச் சோதித்தார். விஷம் கொடுத்தபின் நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை, தசையையே மின்சாரத்தால் தொட்டால் துடித்தது. நரம்பும் சரி, தசையும் சரி, நடுவில்தான் கோளாறு என்று அவர் கண்டார்.

1942ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் கிரிபித், ஜான்சன் என்ற இரு டாக்டர்கள் இதே கியூரேரை ஆபரேஷனுக்குப் பயன்படுத்தினார்கள். தசை தளர்ந்தால் வயிற்றைத் திறப்பது சுலபம் அல்லவா? இன்று ஆபரேஷன் தியேட்டர்களில் தசை தளர்வதற்குப் போடும் ஊசிகள் அந்த வழியில் வந்தவையே. ஆனால் ஒரு சந்தேகம் இருந்தது. இந்த மருந்து நினைவையும் மறக்கடிக்கிறதா?

பிறகு அமெரிக்காவில் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்க மருந்து டாக்டர் தன் உடம்பிலேயே அதை ஏற்றிக்கொண்டார். விரலைக்கூட அசைக்க முடியாத நிலைவரை போனார். சகாக்கள் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தெளிந்ததும், நடந்தது எல்லாம் தனக்குத் தெரியும், நினைவு ஒரு கணமும் தப்பவில்லை என்று சொன்னார்.

பாம்பு கடித்துக் கட்டையாகக் கிடப்பவருக்கும் இதே நிலைதான். கண் திறக்காது, கூப்பிட்டால் அசைவு இருக்காது. கண்ணில் வெளிச்சம் அடித்தால் பாப்பாகூடச் சுருங்காமல் இருக்கலாம். ஊரில் 'போய்விட்டது' என்று திருப்பிக் கொண்டுபோய்விடுவார்கள். கருவி மூச்சில் வைத்துக் காத்திருந்தால் பிழைக்கக்கூடியவர்கள் இவர்கள். தலைமாட்டில் நின்று அழுபவர்கள் பேசுவதெல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டிருக்கும்.

விஷம் காட்டிய வழி

வாசலின் அமைப்பைக் கண்டுபிடிக்க உதவியதே பாம்பு விஷம்தான். 1963ல் தைவானில் சாங், லீ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அங்குள்ள ஒரு கட்டுவிரியன் விஷத்தைப் பிரித்தெடுத்து, வாசலை அடைக்கும் பகுதி ஒன்று, நரம்பு நுனியைத் தாக்கும் பகுதி இன்னொன்று என்று காட்டினார்கள். முதல் பகுதி வாசலைப் பிடித்தால் லேசில் விடாது. 1970ல் பாரிசில் ஷான்ஷோ என்பவர் அதையே தூண்டிலாக்கி, மின்சாரம் பாய்ச்சும் மீனிலிருந்து அந்த வாசல் புரதத்தைப் பிடித்தார். 1976ல் ஜெர்மனியில் நேயரும் சாக்மனும் மெல்லிய கண்ணாடிக் குழாயைத் தவளைத் தசையில் ஒட்ட வைத்து, ஒரே ஒரு வாசல் திறந்து மூடும் மின்னோட்டத்தை அளந்து காட்டினார்கள். அதற்கு 1991ல் நோபல் பரிசு. அவர்களுக்கு முன்பே, ரசாயனம் பை பையாகக் கொட்டுகிறது என்று கண்ட பெர்னார்டு காட்சுக்கு 1970ல் பரிசு கிடைத்தது. ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு ஓடி வந்த யூதர் அவர்.

கீரி விஷயத்துக்கும் இதில் விடை உண்டு. பாம்போடு சண்டை போடும் கீரி இடையே ஓடிப்போய் ஒரு பூண்டைத் தின்றுவிட்டு வரும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். 1992ல் இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கீரியின் வாசல் புரதத்தையே பிரித்துப் பார்த்தார்கள். டோக்கன் போடும் இடத்தின் அருகே எழுத்து சற்று மாறியிருந்தது, ஒரு சர்க்கரைச் சங்கிலியும் ஒட்டியிருந்தது. அசிட்டைல்கோலின் உட்காரலாம், விஷம் உட்கார முடியாது. நல்ல பாம்புக்குத் தன் விஷமே ஏறாமல் இருப்பதற்கும் இதே மாதிரியான மாற்றம்தான் காரணம். பூண்டு கதை அழகானதுதான். ஆனால் அதை நம்பிப் பச்சிலை தேடப் போய் நேரத்தைக் கோட்டைவிட்ட குடும்பங்கள் கொஞ்சமா?

மைசூரிலும் இந்த ஆராய்ச்சி உண்டு. மானசகங்கோத்ரியில் உள்ள மைசூர் பல்கலைக் கழக உயிர் வேதியியல் துறையினர் பல ஆண்டுகளாக இந்தியப் பாம்பு விஷங்களைப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். கடித்த இடத்திலிருந்து விஷம் உடம்புக்குள் பரவ வழி செய்யும் ஒரு நொதியைப் பற்றிய அவர்கள் ஆராய்ச்சி குறிப்பிடத்தக்கது. தொட்டாற்சிணுங்கி வேரின் சாறு, புளியங்கொட்டைச் சாறு ஆகியவை இந்த நொதிகளைச் சோதனைக் குழாயில் கட்டுப்படுத்துகின்றன என்று 2004லும் 2006லும் கட்டுரைகள் வெளியிட்டார்கள். உடனே புளியங்கொட்டையை அரைக்க வேண்டாம்! சோதனைக் குழாய் வேறு, மனித உடம்பு வேறு. இது ஆராய்ச்சியின் முதல் படி மட்டுமே.

2024ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிலையமும் சேர்ந்து ஒரு செயற்கை எதிர்ப்புப் பொருளைச் செய்தார்கள். தசையின் வாசல் மாதிரியே அது வேஷம் போடும். விஷம் ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும், உண்மையான வாசல் தப்பிக்கும். எலிகளில் நன்றாக வேலை செய்திருக்கிறது. மனிதருக்கு இன்னும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

விஷமுறிவு ஊசி ஒன்றே விஷத்துக்கு மருந்து. குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது இது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்து. இதற்கான விஷத்தைத் தருவதில் செங்கற்பட்டு மாவட்ட இருளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறது. இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் ஒரு வட்டாரப் பாம்பின் விஷத்திலிருந்து செய்த மருந்து வேறு வட்டாரத்தில் அதே அளவு வேலை செய்வதில்லை என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். இதற்கு இன்னும் முழுத் தீர்வு இல்லை.

குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றுதான். பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை அல்லவா? குதிரைப் புரதம் சிலருக்கு ஒவ்வாமல் மயக்கம் வரும். ஆகவே அதைச் சமாளிக்க வசதியுள்ள இடத்தில்தான் போட வேண்டும்.

நல்ல பாம்புக் கடிக்கு நியோஸ்டிக்மின் என்ற இன்னொரு ஊசியும் உதவும். டோக்கனை உடைக்கும் நொதியை அது தடுக்கிறது. அசிட்டைல்கோலின் பெருகி, விஷத்தோடு போட்டி போட்டு வாசலைத் திறக்கிறது. கட்டுவிரியனுக்கு இது அவ்வளவாகப் பயன்படாது, டோக்கன் ஆபீசே இல்லை என்றோமே! அங்கே புதிய நரம்பு நுனி முளைக்கும்வரை கருவி மூச்சுத்தான். சிலருக்குச் சில நாள், சிலருக்கு வாரக் கணக்கில்.

காலையில் கை கால் விழுந்து வருபவர் எல்லாருக்கும் பாம்பு கடித்தது என்றும் சொல்லிவிட முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் திடீரென்று குறைந்தாலும் இப்படி ஆகும். கல்யாண விருந்தில் வயிறு நிறையச் சோறும் இனிப்பும் சாப்பிட்டுப் படுத்தவர் விடிந்ததும் எழ முடியாமல் கிடப்பார். சிலருக்கு வாசல் புரதத்திலேயே பரம்பரைக் குறை இருப்பது இதற்குக் காரணம், சிலருக்குத் தைராய்டு கோளாறு. இவர்களுக்கு இமை பொதுவாகத் தொங்காது. அதை வைத்தும் ரத்தப் பரிசோதனையை வைத்தும் டாக்டர்கள் பிரித்தறிவார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே டோக்கன் வாசலைத் தாக்கும் மயஸ்தீனியா என்ற நோயும் உண்டு. தமக்கு அது வந்ததை நடிகர் அமிதாப் பச்சனே சொல்லியிருக்கிறார். அதில் இமை தொங்கும், மாலையாக ஆகக் களைப்பு கூடும்.

கயிறு வேண்டாம், கத்தி வேண்டாம்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்பு கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020ல் வெளியான ஒரு கணக்கு கூறுகிறது. ஆண்டுக்கு 58 ஆயிரம் பேர். 2024ல் கர்நாடக அரசு, பாம்பு கடிக் கேஸ் வந்தால் தனியார் ஆஸ்பத்திரிகள் உள்பட எல்லாரும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டது. பிறகு தமிழ்நாடும் அப்படியே செய்தது. அரசு ஆஸ்பத்திரிகளில் விஷமுறிவு ஊசி இலவசம். மைசூரில் 'தொட்டாஸ்பத்திரி' என்று மக்கள் சொல்லும் கிருஷ்ணராஜ ஆஸ்பத்திரி நம்மவர்களுக்குத் தெரியாத இடம் அல்ல.

கடிபட்ட காலை எலும்பு முறிந்தது போலப் பாவித்து, ஒரு குச்சியோ அட்டையோ வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றி, அசையாமல் வைக்க வேண்டும். இறுக்கிக் கயிறு கட்டக் கூடாது. கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. சினிமாவில் கதாநாயகன் செய்வதெல்லாம் சினிமாவோடு இருக்கட்டும். ஆளை நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைப்பது நல்லது. வழியில் மூச்சு நின்றுவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே போக வேண்டும். பாம்பைத் தேடிப் பிடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. இரண்டாவது ஆளும் கடிபடுவதே பெரும்பாலும் மிச்சம்.

வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் அடிக்க முயலாமல் பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடலாம். மைசூரில் 'ஸ்நேக் ஷ்யாம்' என்ற பெயர் ஊரறிந்தது. பல்லாயிரம் பாம்புகளை வீடுகளிலிருந்து பிடித்துக் காட்டில் விட்டவர். ஹுன்சூர்ப் பக்கக் கிராமங்களில் லியானா டிரஸ்ட் என்ற அமைப்பினர் பாம்பு கடியைத் தவிர்ப்பது பற்றி விவசாயிகளிடம் சொல்லி வருகிறார்கள். அவர்கள் சொல்வதும் நம் பாட்டிமார் சொன்னதுதான். இருட்டில் விளக்கில்லாமல் நடக்காதே, கட்டிலில் படு. கட்டிலுக்கு வசதி இல்லாதவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொண்டால் கட்டுவிரியன் உள்ளே வர முடியாது. ஷெட்டில் தங்கும் தொழிலாளிகளுக்கு கான்ட்ராக்டர் கட்டில் தராவிட்டாலும் ஆளுக்கொரு வலையாவது தரலாம்.

கடித்ததா இல்லையா என்று சந்தேகமாக இருந்தாலும் 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கட்டுவிரியன் விஷம் சில சமயம் பல மணி நேரம் கழித்தே வேலையைக் காட்டும். ஆம்புலன்சுக்கு 108. தமிழ் தெரியாத டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்ல இரண்டு கன்னட வாக்கியங்கள் போதும். 'ஹாவு கச்சிதெ' என்றால் பாம்பு கடித்திருக்கிறது. 'உசிராடக்கெ ஆக்தில்லா' என்றால் மூச்சு விட முடியவில்லை.